வாய் திறக்கிற டீ

எங்கள் அத்தான் காய்கறி மண்டியில் ஏலம் விடுகிறவர். மண்டியில் அவருக்கு 'ரயில்' என்று பெயர். ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது என்பதால் வைத்த பெயர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி கிடையாது. படிப்பு ஏறவில்லை, மூட்டை தூக்கத் தோளில் பலமும் இல்லை. இருந்த ஒரே வாயை வைத்து அக்காவைக் கட்டிக்கொண்டு, மகளைப் படிக்க வைத்து, வெளியூருக்கு வேலைக்கும் அனுப்பிவிட்டார். கீழ் வீட்டில் அவரும் அக்காவும் இருக்கிறார்கள். மாடியில் நானும் என் தையல் மிஷினும். கல்யாணம் ஆகாதவள் என்று யாராவது என்மேல் பரிதாபப்பட்டால், கீழே கொஞ்ச நேரம் நின்று எங்கள் அத்தான் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போங்கள், இரண்டு வீட்டுக்கு ஒரு புருஷன் போதும் என்று உங்களுக்கே தோன்றும் என்பேன்.

அவர் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். லாரிகள் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். ஈரச் சிமென்ட் தரையில் அவற்றை வரிசையாக நிறுத்தி வாயை அவிழ்த்து வைப்பார்கள். அத்தான் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நிற்பார். கத்தரிக்காய்க்கு ஒரு குரல், தக்காளிக்கு இன்னொரு குரல். தக்காளி நாளைக்கு இருக்காது, அதனால் தக்காளிக்கு அவசரக் குரல் வேண்டும் என்பார். பெட்டிமேல் ஏறுவதற்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு முதல் மூட்டை இறக்கிய விவசாயி ஏலக்காரருக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும். அதற்கு 'வாய் திறக்கிற டீ' என்று பெயர். அதைக் குடிக்காமல் ஏலக்காரர் வாயைத் திறந்தால் அன்றைக்கு விலை படுத்துவிடும் என்று மண்டியில் எல்லாரும் நம்புகிறார்கள். பாலைச் சுண்டக் காய்ச்சிப் போட்ட டீ. ஸ்பூனை விட்டால் நிற்கும் என்று அத்தான் அளப்பார்.

மண்டியில் கத்தியது போதாதென்று வீட்டிலும் ஏலம் நடக்கும். குளிக்கும்போது அன்றைய ஏலத்துக்கு ஒத்திகை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருப்பது ஏலத்துக்கு வரும். துணி காயப்போட்டால் கிழிந்த தலையணை உறை ஏலத்துக்கு வரும். ஆனால் அவருக்குப் பிடித்த சரக்கு அக்காவின் கோபம்தான். அவள் முகம் லேசாகச் சிவந்தால் போதும், வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிடும். "ஒரே ஒரு கோபம், வீட்லயே வளர்த்தது, காரம் குறையாதது, கேக்கிறவங்க உண்டா? ஒரு தரம், ரெண்டு தரம்..." மூன்றாவது தரம் வருவதற்குள் அக்கா அடுப்படிக் கதவைச் சாத்திவிடுவாள். சரக்குக்கு ஆள் வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று இவர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். கல்யாணமான நாள் முதலாக நடந்த அந்த ஏலத்தில் அக்கா ஒரு தடவையாவது பதில் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வாய் ஒருநாளாவது ஓயாதா என்று மட்டும் சொல்லுவாள்.

அவள் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது.

ஒரே நாளில் வந்திருந்தால் நோய் என்று தெரிந்திருக்கும். அது படிப்படியாக வந்தது. முதலில் குளியலறை ஒத்திகை நின்றது. அப்புறம் சாப்பாட்டு ஏலம் குறைந்தது, அப்புறம் அதுவும் இல்லை. நல்ல வெயில் நாளில் ஸ்வெட்டர் எங்கே என்று கேட்டார். முகம் ஊதியது, நாங்கள் சதை போட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டோம். மண்டியிலிருந்து வந்ததும் நாற்காலியிலேயே தூங்கினார், எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். குரல் கரகரத்துக் கனத்துப்போனது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் நான் ஊசியில் நூல் கோத்துவிடலாம், அவ்வளவு இடைவெளி. அக்கா முதல் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. இப்போதுதான் காதுக்குள் காற்று போகிறது என்றாள்.

மண்டிக்கு அந்த அமைதி கட்டுப்படியாகாது. ஒருத்தர் கையைத் தூக்கி விலை ஏற்றினால், அதை அத்தான் பார்த்து, புரிந்துகொண்டு, வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தர் மூட்டையைக் கட்டத் தொடங்கியிருப்பார். ஒருநாள் ஒரே தக்காளிக் கூடையை இரண்டு பேருக்கு மூணு தரம் சொல்லிவிட்டார். கைகலப்பு வரைக்கும் போய் நின்றது. மண்டி முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. அத்தான் தோளில் கை போட்டுத் தராசுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், ஸ்டூல் போட்டு, கொஞ்ச நாள் எடை பாருங்கள் என்று உட்கார வைத்தார். பெட்டிமேல் வேறு ஒருவர் ஏறினார். அத்தான் அதை வீட்டில் வந்து சொன்னபோது வருத்தம்கூடக் குரலில் இல்லை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வயசு என்றார்கள், கண்ணேறு என்றார்கள். மகளைப் பிரிந்த ஏக்கம் என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கு ஒரே சந்தேகம்தான். ஆயுசு முழுக்க வாயை மூடு, வாயை மூடு என்று கேட்ட மனுஷன் ஒருநாள் கோபித்துக்கொண்டு நிஜமாகவே மூடிவிட்டார் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேள் என்று அக்காவை முடுக்கிவிட்டேன். மன்னிப்பு என்ற சொல்லே தெரியாதவள் அவள். அவள் போய்க் கேட்டாள். அவர் ரொம்ப நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்று கேட்டார். அது கோபித்துக்கொண்டவர் கேட்கிற கேள்வி இல்லை.

அன்றைக்குத்தான் அக்காவுக்குப் பயம் பிடித்தது. பயந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? காயில் உப்பை அள்ளிப் போட்டாள். வேண்டுமென்றே. உப்பு கரித்தால் பழைய மனுஷன் ஒரு மூட்டை உப்பு ஏலம் விடாமல் எழுந்திருக்கமாட்டார். அவர் ஒவ்வொரு கவளமாக முழுசையும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதே காயை எனக்கு மாடிக்கு அனுப்பியிருந்தாள். வாயில் வைத்ததும் நான் படியிறங்கி வந்து, கடல் தண்ணீரில் சமைத்தாயா என்று கத்தினேன். அக்கா அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நீயாவது கத்துறியே" என்றாள்.

நோயைக் கண்டுபிடித்தது வெளியூரில் இருந்த மகள்தான். பக்கத்தில் இருந்த எங்களுக்குத் தெரியாதது அவளுக்குப் போனில் தெரிந்துவிட்டது. அப்பா போனை எடுத்ததும், ராங் நம்பர் என்று நினைத்து வைத்துவிட்டாளாம். இரண்டாம் தடவை போட்டபோதும் வேறு யாரோ எடுக்கிறார்கள் என்றே நினைத்தாளாம். மூன்றாவது தடவை அக்காவைக் கூப்பிட்டு, அப்பாவை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் நான் லீவு போட்டு வருகிறேன் என்று அதட்டினாள். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். அத்தானின் குரலைக் கேட்டதுமே கழுத்தைத் தடவிப் பார்த்தாள், முழங்கால் முட்டியில் தட்டிப் பார்த்தாள், தைராய்டு டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச். நாலரைக்குள் இருக்க வேண்டும் என்று அதிலேயே போட்டிருந்தது. அத்தானுக்கு அறுபத்திரண்டு. அதற்குக் கீழே டி ஃபோர் என்று ஒன்று, அது இருக்க வேண்டியதற்கும் ரொம்பக் கீழே கிடந்தது. தைராய்டு சுரப்பி வேலை செய்யவில்லை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றாள். நாங்கள் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு இருக்க வேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு இருக்கிறது, அப்படியானால் தைராய்டு ஏகத்துக்கும் அதிகம் என்றுதானே அர்த்தம், இந்தப் பெண் வேலை செய்யவில்லை என்கிறாளே, தைராய்டு மாத்திரையை இன்னும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றச் சொல்கிறாளோ என்று நினைத்தேன். ஆனாலும் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூச்சம். மாத்திரை அட்டை அத்தானின் சட்டைப்பைக்குள் போனது. காலையில் நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார்.

அப்புறம் காத்திருந்தோம். அக்கா காத்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் மண்டியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். ஒன்றும் கேட்கமாட்டாள், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் தண்ணீர் கேட்பார், கொண்டுவந்து கொடுப்பாள். தண்ணீர் கேட்டதையே அன்றைக்கு நாலு தடவை என்னிடம் சொல்லுவாள். எத்தனை வருஷமாக ஓயாதா என்று கேட்ட சத்தத்துக்கு, இப்போது ஒரு சொட்டு விழாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தாள். அவருடைய பழைய ஏல வாசகங்களைத் துணி மடிக்கும்போது தனக்குத்தானே முணுமுணுத்துப் பார்ப்பாள். அவளுக்கு அது வரவே வராது, வேகமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டுச் சத்தம் போடாமல் திரும்பிப் போயிருக்கிறேன்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் ஐம்பத்தைந்து. மாத்திரையின் அளவைக் கூட்டினாள் டாக்டர். மூன்றாவது ரிப்போர்ட்டில் ஐம்பத்தொன்று. டாக்டர் நெற்றியைச் சுருக்கினாள். அக்காவால் அதற்குமேல் முடியவில்லை. "அம்மா, எனக்குப் படிப்பில்ல, தப்பா நெனக்காதீங்க. ஐம்பத்தொண்ணு இருக்கிறவருக்கு எதுக்கு இன்னும் ஏத்துறீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள். டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதே இல்லை. தலைக்குள்ளே, மூளைக்கு அடியில் இன்னொரு சுரப்பி இருக்கிறது, அது அனுப்புவது. கழுத்தில் இருக்கிற தைராய்டுக்கு, வேலை செய், வேலை செய் என்று அது கொடுக்கிற உத்தரவுதான் அந்த நம்பர். கழுத்துச் சுரப்பி ஒழுங்காக வேலை செய்தால் மேலிருந்து குறைவான உத்தரவே போதும். அது தூங்கினால் உத்தரவு ஏறிக்கொண்டே போகும். அதனால் நம்பர் மேலே போனால் தைராய்டு கீழே கிடக்கிறது என்று அர்த்தம். நிஜமாகவே தைராய்டு அதிகமானவர்களுக்கு இந்த நம்பர் தரையோடு தரையாக இருக்கும். டி ஃபோர்தான் கழுத்துச் சுரப்பியின் சரக்கு, அதைத்தான் மாத்திரையாகக் கொடுக்கிறோம் என்றாள்.

அக்கா முகத்தில் தெளிவு வரவில்லை. எனக்கும் பாதிதான் ஏறியது. அப்போது அத்தான் தொண்டையைச் செருமினார். நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம்.

"ஏலக்காரன் கத்துறான்" என்றார். நிறுத்தினார். ஊசியில் நூல் கோக்கிற நேரம். "வாங்குறவன் வாயத் திறக்கல. அதான் கத்துறான். வாங்குறவன் கேட்டா... ஏலக்காரன் குரல் தானா எறங்கும்."

டாக்டர் கண்ணை அகல விரித்து, அதேதான் ஐயா, அதேதான் என்றாள். இனிமேல் எல்லாருக்கும் இப்படியே சொல்லப் போகிறேன் என்றாள். நான் அக்காவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தைராய்டு புரிந்ததற்காக இல்லை. எத்தனையோ மாதம் கழித்து அவர் வாயிலிருந்து அவர் பேச்சு வந்திருக்கிறது, அதற்காக. மனுஷன் உள்ளேதான் இருக்கிறார், எங்கும் போய்விடவில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது. அது தெரிந்தபிறகு காத்திருப்பது இன்னும் கொடுமையாகிவிட்டது.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள். வெறும் வயிற்றில்தான் என்றார் அத்தான். வெறும் வயிற்றில்தான் என்றோம் நாங்களும், ஏதோ மூன்று பேரும் சேர்ந்து விழுங்குகிற மாதிரி. டாக்டர் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதினாள்.

அடுத்த வாரம் ஒருநாள் அத்தான் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் எடை பார்த்தால் வெண்டைக்காயும் பூசணிக்காயும் ஒரே எடையாகிவிடும். பள்ளிக்கூடத்துச் சீருடை தைக்கிற காலம் என்பதால் நான் சீக்கிரமே எழுந்திருந்தேன். கண்ணாடியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மண்டிக்குள் லாரி வெளிச்சத்தில் மூட்டைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக நின்றன. கூட்டம் சேர்ந்துவிட்டது. புது ஏலக்காரர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், ஆனால் ஏறவில்லை. எல்லாரும் தராசுப் பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதல் மூட்டை இறக்கிய விவசாயி ஒருவர் டீ கிளாஸைக் கொண்டுவந்து அத்தான் கையில் கொடுத்தார். புது ஏலக்காரருக்கு இல்லை, எங்கள் அத்தானுக்கு. பெட்டியிலிருந்து இறக்கிய பிறகும் அந்த டீயை மட்டும் அவரிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. அவர் குடித்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் மற்றவர் பெட்டிமேல் ஏறுவார், இத்தனை மாதமாக அப்படித்தான் நடக்கிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அத்தான் அதை ஒரு வார்த்தைகூட வீட்டில் வந்து சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்தான் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, அந்தக் கெட்டிப்பால் டீயை அதன்மேல் ஊற்றிக்கொண்டார்.

நான் மூட்டைகளைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். "என்ன பண்றீங்க அத்தான்? வெறும் வயித்துலதானே போடச் சொன்னாங்க?"

"வெறும் வயிறுதான்" என்றார். "இன்னும்... ஒண்ணுமே சாப்பிடல."

"இது என்ன?"

"டீ" என்றார் அவர், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

சுற்றி நின்றவர்களும் ஆமாம் டீதானே, அது எப்படிச் சாப்பாடாகும் என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த கிளாஸைப் பிடுங்கித் தரையில் அடித்திருப்பேன். டீ கொடுத்த விவசாயி மண் ஒட்டிய கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார், ஏதோ தப்புச் செய்துவிட்டோமோ என்று. வீட்டில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வந்தால் என்ன கேடு என்று அத்தானைக் கேட்டேன். அவர் காலி கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவும் வாய் திறக்கிறதுக்கு. அதுவும் வாய் திறக்கிறதுக்கு" என்றார். "சேத்துப் போட்டா... சீக்கிரம் திறக்கும்னு நெனச்சேன்."

கண்ணாடியை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று இருக்கிறார், எதற்கும் கவலைப்படவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் அந்த வாய்க்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்றைக்கே நானும் அக்காவும் டாக்டரிடம் போனோம். கேட்டதும் அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். டீயைப் பற்றித் தனியாகக் கேட்காதது என் தப்பு என்றாள். இந்த மாத்திரைக்கு டீயும் பாலும் ஆகவே ஆகாது, வயிற்றிலேயே பிடித்து நிறுத்திவிடும், பாதிகூட ரத்தத்துக்குள் போகாது என்றாள். தண்ணீரோடு விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் போகட்டும், அப்புறம் எந்த டீ வேண்டுமானாலும் குடிக்கட்டும். மாத்திரை உள்ளே போகாமல் இருந்ததற்காக ஏற்றிக்கொண்டே வந்த அளவு இனிமேல் அதிகமாகிவிடும் என்று அதைக் குறைத்தும் எழுதிக் கொடுத்தாள்.

அப்படியானால் எழுந்ததும் வீட்டிலேயே கொடுத்துவிடு என்று அக்காவிடம் சொன்னேன். அவள் எழுந்திருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை. அவர் கிளம்புகிற நேரத்தில் அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அவரும் நினைத்திருந்தார்.

"நான் எங்கடி தூங்கினேன்?" என்றாள் அக்கா. "முன்னெல்லாம் குளிக்கும்போதே ஊரைக் கூட்டி என்னை எழுப்பிவிடுவாரு. இப்ப என் தூக்கம் கெடக் கூடாதுன்னு நுனிக்கால்ல நடந்து போறாரு. நான் கண்ண மூடிக்கிட்டு, இன்னிக்காவது எழுப்பிவிட மாட்டாரான்னு கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன்."

மறுநாளிலிருந்து அவர் எழுந்ததும் அவளும் எழுந்தாள். மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அவர் குளித்து உடுத்திக் கிளம்பும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். மண்டி டீ அதே இடத்தில், அதே கெட்டியில், அவருக்கே கிடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். ஏழு. அதற்கடுத்ததில் மூன்று. டி ஃபோரும் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. ஏலக்காரன் கத்துவதை நிறுத்திவிட்டான், வாங்குகிறவர் கேட்கிறார் என்று டாக்டர் சிரித்தாள். அத்தானும் சிரித்தார். முகம் வற்றிப் பழைய கன்னம் வெளியே வந்தது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. பகலில் தூங்குவதில்லை. மண்டி முதலாளி, பெட்டி உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது, எப்போது ஏறுகிறீர்கள் என்று ஆள் அனுப்பிக் கேட்டார். அத்தான் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஏனென்றால் பேச்சு வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுவார், வேகமாகவே சொல்லுவார், அதோடு சரி. மனுஷன் வருவதற்கு முன்னால் காகிதம் வந்து சேர்ந்துவிட்டது. நம்பர் சரியான பிறகும் உடம்பு முழுசாகத் திரும்ப நாளாகும், குரல் கடைசியில்தான் வரும் என்று டாக்டர் சொன்னாள். அக்கா அந்த ரிப்போர்ட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். "நம்பர் வந்திடுச்சு, சரி. பேசாம இருந்தே பழகிப்போயிருந்தா என்னடி பண்றது? பேசுறதில என்ன இருக்குன்னு தோணியிருந்தா?" என்றாள். அதற்கு எந்த லேபிலும் டெஸ்ட் கிடையாது. சும்மா இரு, பைத்தியம் மாதிரிப் பேசாதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு விடியற்காலை. நான் மாடியில் மிஷின்முன் உட்கார்ந்திருந்தேன். கீழே விளக்குப் போட்டார்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அக்காவுக்கு அன்றைக்கு ஜலதோஷம். அவள் ஏதோ சிடுசிடுத்தாள், செருப்பை ஈரத்தோடு உள்ளே கொண்டுவந்ததற்காக என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. அவர் மாத்திரையை விழுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"காலி டம்ளர் ஒண்ணு" என்றது கீழேயிருந்து ஒரு குரல். கரகரப்பு இன்னும் இருந்தது. "அதைக் கொடுத்த கையில ஒரு கோபம். மழையில நனஞ்ச கோபம், மூக்கு ஒழுகுற கோபம். கேக்கிறவங்க உண்டா?"

என் கால் மிஷின் பெடலில் அப்படியே நின்றது. அடுப்படிக் கதவு சாத்துகிற சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டிருந்தேன். அது கேட்கவில்லை.

"நான் கேக்கிறேன்" என்றாள் அக்கா. "பத்து."

அத்தான் இதற்குத் தயாராக இல்லை போல. கொஞ்சம் தடுமாறிவிட்டுத்தான் எடுத்தார். "பத்து. பத்துக்கு ஒரு கோபம். ஒரு தரம். ரெண்டு தரம்..."

"பதினொண்ணு."

"ஏய், உன் விலைக்கு மேல நீயேவா ஏத்துற? இங்க வேற ஆளே இல்ல."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. எனக்கு வேணும். நீங்க விடுங்க."

"பதினொண்ணு, ஒரு தரம், பதினொண்ணு, ரெண்டு தரம்..."

"பன்னண்டு."

மூன்றாவது தரம் சொன்னால் சரக்கு கைமாறிவிடும், ஏலக்காரர் இறங்கி அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். இத்தனை வருஷம் ஏலக்காரர் பெண்டாட்டியாக இருந்தவளுக்கு அது தெரியாதா? ஒவ்வொரு தடவையும் 'ரெண்டு தரம்' வந்ததும் அவள் விலையை ஏற்றினாள். பதினைந்தில் அவர் குரல் சூடு பிடித்தது. இருபதில் தக்காளிக்கு உண்டான அவசரம் வந்துவிட்டது. நடுவில் இடைவெளியே இல்லை, ஊசியில் நூல் கோக்க நேரமே இல்லை. அக்கா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஏற்றிக்கொண்டே போனாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இந்த நேரத்தில் என்ன கூச்சல் என்று யாரோ கேட்டார்கள்.

அன்றைக்கு அத்தான் மண்டிக்குத் தாமதமாகத்தான் கிளம்பினார். அப்போது விலை நாற்பதைத் தாண்டியிருந்தது, மூணாவது தரம் இன்னும் சொல்லியிருக்கவில்லை.